முதலில் கண்டவன்

எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் ரயில் கிடையாது. நாகர்கோவிலில் இல்லை, மார்த்தாண்டத்தில் இல்லை. ரயிலைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றாலே திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏற வேண்டும். அதனால் ஒருவன் ரயிலில் போய்வந்துவிட்டால் நாலு மாதம் அதையே சொல்லிக்கொண்டு திரிவான். நானும் போனேன். ஒரே பகலில் கொல்லம்வரை போய்த் திரும்பினேன். அதை இதுவரை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி நான் அதில் ஒன்றும் செய்யவில்லை.

நான் பிறந்தது தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கடற்புறம். அப்பா கரமடி இழுப்பவர். கரமடி என்றால் கரையில் நின்று இழுக்கிற பெரிய வலை. வள்ளத்தில் கொண்டுபோய் வளைத்துப் போட்டுவிட்டு, வடக்கே ஒரு கயிறு, தெற்கே ஒரு கயிறு என்று இரண்டு கூட்டமாக ஆட்கள் பிடித்து இழுப்பார்கள். எங்கள் கடற்புறத்தில் ஸ்கூல் பைனல் எழுதிப் பாஸான முதல் ஆள் நான். அது என் கெட்டிக்காரத்தனம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் வயதுப் பையன்கள் எல்லோரையும் போல என்னையும் அப்பா கயிற்றில் நிறுத்தியிருந்தால் கெட்டிக்காரத்தனம் எங்கே போயிருக்கும்?

என்னோடு ரயிலில் வந்த சிநேகிதன் மார்த்தாண்டத்துக்காரன். அவன் அப்பாவுக்குச் சந்தைப் பக்கம் பலசரக்குக் கடை. மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். அவனுக்குக் கணக்கு வராது, நான் போட்டுக் கொடுப்பேன். மத்தியானம் அவன் சோற்றில் பாதி எனக்கு வரும். அவர்களும் வேதக்காரர்கள், நாங்களும் வேதக்காரர்கள்தான், கிறிஸ்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அவர்கள் கோயில் வேறு, எங்கள் கோயில் வேறு. மூன்று வருஷத்தில் அவன் கடை வாசலைத் தாண்டி நான் உள்ளே போனதில்லை, அவனும் எங்கள் மணலை மிதித்ததில்லை. அதில் குறை இருப்பதாக அப்போது இருவருக்கும் தோன்றவில்லை.

பாஸானபின் கொல்லத்தில் காலேஜில் சேர எங்கள் பங்குச் சாமியார் கடிதம் தந்தார். இடம் கிடைத்துவிடும் என்றார். தங்குவதற்குத்தான் வழியில்லை. கொல்லத்தில் எங்களுக்கு ஈ காக்கைகூடத் தெரியாது. தங்க ஓர் இடம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் கரமடிக் கயிறு என்று நின்றது என் நிலைமை. அந்த நேரத்தில் சிநேகிதன் சொன்னான், அவனுடைய மாமா கொல்லத்தில் மொத்த வியாபாரம் செய்கிறார், அவருக்குக் கடிதம் எழுதியாயிற்று, ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லிவிட்டார் என்று. காலையில் போய் சாயங்காலம் திரும்பிவிடலாம், ரயிலும் பார்த்த மாதிரி ஆயிற்று என்றான். நான் அன்று அவனைக் கும்பிடாத குறைதான்.

இந்த இடத்தில் எங்கள் கரைப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடலிலோ கரையிலோ ஊர்க்காரர் இரண்டு பேர் எதிர்ப்பட்டால் முதலில் கண்டவன் குரல் கொடுக்க வேண்டும். மற்றவன் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். கண்டும் கூப்பிடாமல் போனால் சண்டை என்று அர்த்தம். அந்நியக் கரையில் இது இன்னும் கட்டாயம். எங்கள் ஆண்கள் தங்கல் போவார்கள், அதாவது வேறு கரையில் குடிசை போட்டு மாதக்கணக்கில் தங்கி மீன் பிடிப்பார்கள். அங்கே ஊர்க்காரனைக் கண்டு கூப்பிடாமல் விட்டவனுக்குப் பிறகு யாரும் வள்ளம் தள்ளிக் கொடுக்க மாட்டார்கள். அந்த வருஷம் பங்குனியில் அப்பா தங்கல் போயிருந்தார். வடக்கே என்று மட்டும்தான் வீட்டில் தெரியும். எந்தக் கரை என்று புறப்படும்போது அவருக்கே தெரிந்திருக்காது.

விடியுமுன் நடக்கத் தொடங்கி, நான் மார்த்தாண்டம் வந்து சேர்ந்தபோது சிநேகிதன் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு பொட்டலத்தோடு நின்றான். உள்ளே அவனுடைய வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டுத் தேய்த்தது. என் சட்டையைக் கழற்றிவிட்டு இதைப் போடச் சொன்னான். என் சட்டையும் வெளுத்ததுதான் என்றேன். வெளுத்தாலும் வாடை போகாது என்றான். அவன் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை, சளி பிடித்தவனுக்கு மருந்து சொல்கிற மாதிரி சொன்னான். பஸ்ஸுக்குப் பின்னால் போய் மாற்றிக்கொண்டேன். என் சட்டையை அவன் சுருட்டி அதே காகிதத்தில் கட்டிப் பைக்கடியில் வைத்தான்.

பஸ்ஸில் பாடம் நடந்தது. "மக்கா, ஆரு கேட்டாலும் மார்த்தாண்டம்னு சொல்லணும், கேட்டியா? கடப்புறம்னு வாயத் தொறக்காத. மாமா பழைய ஆளாக்கும்" என்றான். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டால் வெற்றிலைக் கடை என்று சொல்ல வேண்டும். எந்தத் தெரு, எத்தனை பிள்ளைகள் எல்லாவற்றையும் அவனே கட்டிக் கொடுத்தான். களியக்காவிளை தாண்டுவதற்குள் எனக்கு ஒரு புது அப்பா கிடைத்துவிட்டார். நான் ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்தேன். மனப்பாடம் எனக்கு எப்போதும் சுலபம்.

திருவனந்தபுரம் ஸ்டேஷனில் டிக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பியதும் சிநேகிதனுக்கு முகம் மாறியது. அவர்கள் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர், கையில் குடையும் காலில் செருப்புமாக, கொல்லம் வண்டிக்குத்தான் நின்றுகொண்டிருந்தார். ஊர்ப் பையனைக் கண்ட சந்தோஷத்தில் எங்களோடேயே ஏறி எதிர்ப் பலகையில் உட்கார்ந்துகொண்டார். வண்டி நகர்வதற்கு முன்பே என்னிடம் எந்த ஊர், எந்தக் கோயில் என்று கேட்டுவிட்டார். நான் மார்த்தாண்டம் என்றேன். அப்படியானால் எனக்குத் தெரியாமல் இருக்காதே என்றார். புதிதாகக் குடிவந்தவர்கள் என்று சிநேகிதன் முந்திக்கொண்டான்.

ரயில் எனக்குப் பிடித்திருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? கரித்தூள் கண்ணில் விழுந்துகொண்டே இருந்தாலும் ஜன்னலிலிருந்து தலையை எடுக்க மனம் வரவில்லை. முருக்கும்புழையில் காயலோரம் கயிறு திரிப்பதற்காகத் தேங்காய்த் தொண்டு, அதாவது மட்டை, அழுகப் போட்டிருந்தார்கள். அந்த நாற்றம் பெட்டிக்குள் வந்ததும் கமிட்டிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, இந்தக் கடலோரத்துக்காரர்கள் எப்படித்தான் இருக்கிறார்களோ என்றார். இது கடல் வாடை இல்லை, தொண்டு வாடை என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். சிறையின்கீழ், கடைக்காவூர், வர்க்கலை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். எல்லோருக்கும் ஏதோ ஊர் இருந்தது.

இடவா தாண்டியதும் இடது கைப் பக்கம் கடல் வந்தது. தென்னைகளுக்கு நடுவே முதலில் துண்டு துண்டாக, பிறகு முழுசாக. மணலில் கரமடி இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஓடுகிற வண்டியிலிருந்து பார்த்தாலும் எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. தெற்குக் கயிற்றுக்காரர்கள் அவசரப்பட்டு முன்னால் இழுத்துவிட்டார்கள், வடக்கு இன்னும் பின்னால் கிடந்தது. அப்படி இழுத்தால் வலையின் பையான மடி மலர்ந்து மீனெல்லாம் வெளியே போய்விடும். என்னை அறியாமல் எழுந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தெக்குக் கயிறு முந்துது, மடி மலந்துரும்" என்று கத்தியேவிட்டேன்.

சிநேகிதன் என் காலை மிதித்தான். கமிட்டிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வெற்றிலைக் கடைக்காரர் மகனுக்கு வலை இழுப்பில் இவ்வளவு ஞானமா என்று சிரித்தபடி கேட்டார். இவன் கண்டதையும் படிப்பான், எல்லாம் புத்தகத்திலிருந்து என்றான் சிநேகிதன். நான் உட்கார்ந்தேன். வலை என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்ப்பதற்குள் அது பின்னால் போய்விட்டது.

அடுத்தது பரவூர். வண்டி நின்றதும் வெளியே மீன் நிறைந்த ஓலைக் கடவங்களைத் தலையில் வைத்துக்கொண்டு ஏழெட்டுப் பேர் வரிசையாக ஓடி வந்தார்கள், கடைசிப் பெட்டியில் ஏற்றுவதற்கு. பெண்கள் இல்லாத தங்கலில் மீன் சுமப்பதும் ஆண்கள் தலையில்தான். முன்னால் வந்தவரை நடையை வைத்தே தெரிந்துகொண்டேன். இடது காலைக் கொஞ்சம் வெளியே வீசி நடக்கிற அந்த நடை. இடுப்பில் ஈரத் துண்டு, கடவத்திலிருந்து தண்ணீர் வழிந்து தோளில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் நடையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். கடலில் பழகிய கண், தப்பாது.

"ஏ மக்கா" என்று கூப்பிட்டார். எங்கள் கரையில் கூப்பிடுகிற அதே குரல், ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும். முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு மாதம் கழித்து மகனைப் பார்க்கிறார், அதுவும் ரயிலில். அடுத்த நொடியே அவர் பார்வை என் சட்டைக்கு வந்தது. சட்டையிலிருந்து சிநேகிதனுக்கு, அவனிடமிருந்து குடைக்காரருக்கு. சிநேகிதனின் கை என் முழங்காலை அழுத்திக்கொண்டிருந்தது. அப்பா அதையும் பார்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

கடவத்தோடு கழுத்தைத் திருப்பி, எடுத்த குரலை விடாமல், பின்னால் வந்தவரிடம், "பைய வா, வண்டி நிக்கும்" என்று முடித்தார். பிறகு என் ஜன்னலைக் கடந்து போனார். கையெட்டும் தூரம். ஒரு சொட்டு மீன்தண்ணீர் ஜன்னல் சட்டத்தில் விழுந்தது. நான் கையைத் தூக்கவில்லை. மடியில் வைத்திருந்த கை மடியிலேயே இருந்தது.

வண்டி புறப்பட்டதும் கமிட்டிக்காரர் விடவில்லை. அந்த ஆள் உன்னைத் தெரிந்த மாதிரியல்லவா பார்த்தான் என்றார். சிநேகிதன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவனுக்கு அந்தச் சிரமம் வேண்டியிருக்கவில்லை. நானே சொன்னேன், "எங்க வீட்டுக்கு மீன் கொண்டு வாறவன்" என்று. யாரும் எனக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, பஸ்ஸில் நடந்த பாடத்தில் அது இல்லை. இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் அந்த வாக்கியத்தை எழுதக் கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.

கொல்லத்தில் கமிட்டிக்காரர் தன் வழியே போனார். நாங்கள் கடைத்தெருவில் மாமாவின் வியாபார இடத்துக்குப் போனோம். பருமனான மனிதர், பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். நான் வெற்றிலைக் கடையை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு வணங்கினேன். அவர் என்னைக் கேள்வியே கேட்கவில்லை. "தேங்காப்பட்டணத்துக் கிட்ட உள்ள கடப்புறத்துப் பயல்தானே? இவன் எழுத்துல எழுதியிருந்தான்" என்றார். அதனால்தான் வரச் சொன்னேன் என்றார். கருவாட்டு மூட்டைகளை அடுக்கிவைக்கிற கிட்டங்கியில் படுத்துக் காவல் பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்ததாம். உள்ளூர்ப் பையன்கள் வாடை தாங்காமல் ஒரு வாரத்தில் ஓடிவிடுகிறார்களாம். "உனக்கு அது ஒண்ணும் தோணாது. பகல்ல படிக்கப் போ, ராத்திரி அங்க கெட" என்று சொல்லி, எங்கள் இருவருக்கும் சாயா வரவழைத்தார்.

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மனதில் இருந்ததை மறைக்காமல் சொன்னார், சொன்னபடி இரண்டு வருஷம் இடமும் கொடுத்தார். கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவேதான் இன்டர்மீடியட் படித்தேன். கடற்புறத்தான் என்பதற்காகவே எனக்குக் கிடைத்த இடம் அது. அங்கே போகிற வழியில் கடற்புறத்தான் இல்லை என்று சாதித்துவிட்டு வந்திருந்தேன்.

திரும்பி ஸ்டேஷனுக்கு நடக்கும்போது சிநேகிதனிடம் கேட்டேன். மாமாவுக்குத் தெரியும் என்றால் என்னை எதற்கு அவ்வளவும் மனப்பாடம் செய்ய வைத்தாய் என்று. அந்த வண்டியில் எப்போதும் அவர்கள் கோயில்காரர் யாராவது வருவார்கள், பார்த்தால் ஊரில் பேச்சாகிவிடும் என்றான். யாரைப் பற்றிப் பேச்சு என்றேன். "என்னப் பத்திதான் மக்கா" என்றான். பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பிறகு, பரவூரில் வந்தது உன் அப்பாவா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். ஆமாம் என்றேன். "எனக்குத் தெரியாது மக்கா" என்றான். தெரிந்திருந்தால் முழங்காலிலிருந்து கையை எடுத்திருப்பானா என்று நான் கேட்கவில்லை. என் கை என்னுடையதுதானே, அதை அவனா பிடித்து வைத்திருந்தான்?

சாயங்கால வண்டியில் எங்களுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை. பரவூரில் வண்டி நின்றபோது வாசலில் போய் நின்றேன். மீன் ஏற்றிய இடத்தில் செதில் மட்டும் ஒட்டிக் கிடந்தது. இறங்கிக் கடற்கரைக்கு நடந்திருக்கலாம், கால் மணி நேரம்கூட ஆகாது. சட்டை அவனுடையது, அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இறங்கியிருந்தால் போதும். மார்த்தாண்டத்துக்குக் கடைசி பஸ் போய்விடுமே என்று நினைத்துக்கொண்டு நின்றேன், வண்டி புறப்பட்டுவிட்டது. கடல் தெரிந்த இடத்தில் மணலில் சின்னச் சின்னதாக ஆட்கள் வலையை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். வாயில் கையைக் குவித்து எங்கள் கரைக் குரலில் கூப்பிட்டேன். இனி எவ்வளவு வேண்டுமானாலும் கத்திக்கோ, பெட்டியில் யாரும் இல்லை என்றான் சிநேகிதன். ஆறுதலாகத்தான் சொன்னான். அவ்வளவு தூரத்திலிருந்து கூப்பிடுவதில் எனக்கும் சிரமம் ஒன்றும் இருக்கவில்லை.

ஆனியில் அப்பா தங்கல் முடிந்து வந்தார். அம்மா இலை போட்டு, சோறு வைத்து, நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். "எடம் கெடச்சுதா?" என்று கேட்டார். கிடைத்தது என்றேன். "செரி, படி" என்றார். அதற்குமேல் அந்த ரயிலைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நானும் சொல்லவில்லை. மாமாவுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பதையும், நீங்கள் வாயை மூடியது யாருக்கும் தேவைப்படவில்லை என்பதையும் நான் எப்படிச் சொல்வேன்? தன்னால் மகனுக்கு இடம் கிடைத்தது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த நினைப்பை அவரிடமே விட்டுவைத்தேன். இதைப் பாசம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதன்பின் வீட்டுக்கு வெளியே அவர் என்னை முதலில் கூப்பிட்டதே இல்லை. நான் வாத்தியாராகி மார்த்தாண்டத்துக்கு வந்தபின் சந்தையில் சில நாள் எதிர்ப்படுவார். அவர்தான் என்னை முதலில் கண்டிருப்பார், அது எனக்குத் தெரியும். கண்டுவிட்டு, என்னோடு யார் வருகிறார்கள் என்று பார்ப்பார். பிறகு வாழைக்குலைகளுக்கு விலை கேட்கிறவரைப் போல ஒதுங்கி நிற்பார். நான் போய் அப்பா என்றால்தான் திரும்புவார். பக்கத்தில் ஹெட்மாஸ்டர் யாராவது இருந்தால் நான் போகாமல் இருந்த நாட்களும் உண்டு.

எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷம் அவருக்கு வயிற்றில் கட்டி வந்தது. நெய்யூர் ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்கச் சிநேகிதன்தான் அலைந்தான். அவனும் அந்தக் கூட்டத்திலும் இந்தக் கூட்டத்திலும் பேசி நாலு பேருக்குத் தெரிந்த ஆளாகிவிட்டிருந்தான். நாமெல்லாம் ஒரே மக்கள் என்று மைக்கில் நன்றாகவே பேசுவான். ஊரார் கட்டிலில் கட்டித் தூக்கி வந்து அப்பாவைச் சேர்த்திருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு நான் போனேன். சிநேகிதனும் கூட வந்தான்.

வார்டில் நர்ஸ் நோட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும், இவருக்கு உறவுக்காரர் யார் என்று கேட்டாள். அப்பா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார், பிறகு என் பக்கத்தில் நின்ற சிநேகிதனைப் பார்த்தார். ஐந்து வருஷத்துக்கு முன் ஜன்னலில் பார்த்த முகம் அவருக்கு மறக்கவில்லை.

"உறவொண்ணும் இல்ல. தெரிஞ்ச சாருமாரு" என்றார்.

மகன் என்று நான் சொன்னேன். நர்ஸ் நோட்டில் அதை எழுதிக்கொண்டாள். சிநேகிதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டான். ஏன் சொன்னாய் என்பதுபோல அப்பா என்னைப் பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தார், அந்தப் பேச்சு எங்களுக்குள் வரவே இல்லை.

நர்ஸ் கேட்பதற்கு முன்னால், நான் வாசலில் நுழைந்தபோது, அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் கிடந்தார். அன்றைக்கு முதலில் கண்டவன் நான். கூப்பிடாமல் நின்றேன்.